நின்னா வாங்கு

அத்தியாயம் 11

அவர் குப்புறப் படுத்து அன்று ஆறாவது நாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்ததைப் போன வாரம் எழுதினேன். அதைப் படிக்காமல் விட்டவர்களுக்காக இரண்டு வரி. என் கணவரின் வலது கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது. அதை ஒட்டவைத்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை அடைத்து அனுப்பியிருந்தார்கள். குமிழ் மேலே எழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமென்றால் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். பத்து நாள். சாப்பிடுவது குனிந்து, தூங்குவது குப்புற. இடது கண் சிறு வயதிலிருந்தே பேருக்குத்தான். ஆக அந்தப் பத்து நாளும் அவருக்குக் கண்ணில் ஒன்றும் தெரியாது.

எனக்கும் அவர் முகம் தெரியாது. கட்டில் ஓரத்தில் ஒன்றும் அதை ஒட்டிப் போட்ட முக்காலியில் ஒன்றுமாக இரண்டு தலையணை வைத்து, நடுவே தரை தெரியும்படி இடைவெளி விட்டு, அதில் நெற்றியையும் தாடையையும் முட்டுக் கொடுத்துப் படுத்திருப்பார். நான் பார்த்ததெல்லாம் பின்னங்கழுத்தும் முதுகும்தான். இருபத்துநான்கு வருடம் முகம் பார்த்துப் பேசிய மனுஷனின் முதுகைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். கோபம் வந்தால் தோள்பட்டை இரண்டும் காதை நோக்கி ஏறும். சிரித்தால் இடுப்புக்கு மேலே மட்டும் குலுங்கும்.

அன்று வியாழக்கிழமை. ஒரே நாளில் இரண்டு விஷயங்கள் வந்து முட்டிக்கொண்டன.

ஒன்று, அவருடைய பழைய அலுவலகம். கட்டட வரைபடம் போடும் இடம். இருபது மாதத்துக்கு முன்னால் அந்த டிராஃப்ட்ஸ்மேன் வேலையை விட்டுவிட்டுத்தான் அவர் பங்குச் சந்தைக்கு வந்தார். இப்போது மேலாளர் திரும்பக் கூப்பிட்டிருந்தார். இனி வரைய வேண்டாம், சின்னவர்கள் வரைந்ததைப் பெரிய திரையில் சரிபார்த்தால் போதும், கண் ஆறும்வரை காத்திருக்கிறேன் என்றார். ஆனால் வருகிறாரா இல்லையா என்பது மட்டும் வியாழன் மாலை ஐந்து மணிக்குள் தெரிய வேண்டுமாம். அந்த நாற்காலிக்கு வேறொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

இன்னொன்று, கம்பிக்காரன்.

எங்கள் வீட்டில் கம்பிக்காரன் என்றால் மின்கம்பி செய்கிற ஒரு கம்பெனி. அதன் பங்கு விலை பதினோரு மாதத்தில் மூன்று தடவை 640 வரை ஏறி, மூன்று தடவையும் அங்கே முட்டித் திரும்பியது. அவர் அந்த விலையில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். 640-க்கு வந்தால் விற்றுவிடலாம் என்று ஒரு கூட்டம் காத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பேர் விற்றுவிட்டுப் போவார்கள். ஒரு நாள் விற்க ஆளில்லாமல் போகும். அன்று விலை கோட்டை உடைத்துக்கொண்டு மேலே போகும். அப்போது வாங்க வேண்டும். அவர் தொழில் இவ்வளவுதான். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும்.

கஷ்டம் எங்கே என்றால், பாதி உடைப்பு பொய் உடைப்பு. கோட்டுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு விலை உள்ளே போய்விடும். எட்டிப் பார்த்த நேரத்தில் வாங்கினவன் மாட்டிக்கொள்வான். அதனால் அவர் தாண்டின உடனே வாங்க மாட்டார். தாண்டிய பிறகு அரை மணி நேரம் கோட்டுக்கு மேலேயே இருக்க வேண்டும். "தாண்டினா போதாது. தாண்டி நிக்கணும். நின்னா வாங்கு" என்பார். என் தம்பிக்கு இதை ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பார். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து புரூஃப் திருத்திக்கொண்டிருந்த என் காதிலும் ஆயிரம் தடவை விழுந்தது.

காலையில் தம்பி வந்தான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறான். வீட்டில் அவனுக்கு அவசரம் என்று பெயர். அவனிடம் கற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் மெதுவாக ஓட்டுவார்கள் என்பதுதான் விசேஷம்.

"அத்தான், எழுந்தாச்சா? இல்ல, படுத்தாச்சா? எதைக் கேக்கிறதுன்னே தெரியல."

"கேக்காம இருக்கலாம் மாப்ளே."

"இன்னைக்குக் கம்பிக்காரன் கிளம்பிடுவான் போல இருக்கே. நானே பார்த்துப் பார்த்துச் சொல்றேன். அக்காவுக்கு இதுல என்ன தெரியும்?"

"நீ வேணாம். நீ சொன்னா ஒண்ணு எகிறும், இல்லைன்னா பாதாளத்துக்குப் போகும். நடுவுல ஒரு விலையே உனக்குக் கிடையாது." கழுத்து லேசாக என் பக்கம் திரும்பப் பார்த்தது. திரும்பக்கூடாது என்பது நினைவு வந்து நின்றுகொண்டது. "உங்க அக்கா ஒரு கமாவைக்கூட விட மாட்டா. அவ சொல்லட்டும்."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வாங்க வேண்டிய எண்ணிக்கையைத் தம்பி முந்தின நாளே கணினியில் போட்டு வைத்திருந்தான். வாங்கினால், விலை 634-க்குக் கீழே போனதும் தானாக விற்றுவிடும்படி ஒரு தடுப்பும் போட்டிருந்தான். நான் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

தம்பி டீ குடிக்க வெளியே போனதும் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. இன்னைக்குத் தாண்டி நின்னுச்சுன்னா நான் அங்க போகல. நிக்கலைன்னா போறேன். ரெண்டுல ஒண்ணு. அப்புறம் பேச்சை மாத்த மாட்டேன்."

"அதை விலைகிட்டயா கேப்பீங்க?"

"வேற யார்கிட்ட கேக்கிறது?"

நான் அங்கேதான் இருந்தேன். கையில் அவருக்கு உறிஞ்சுகுழல் போட்ட டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழ தூரத்தில்.

அவர் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று நான் விரும்பினேன். யாரிடமும் சொன்னதில்லை. பணத்துக்காக என்று நினைக்க வேண்டாம், அவர் தோற்றுக்கொண்டிருக்கவில்லை. இருபது மாதமாக அவர் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார், கண் மட்டும் என் தோளுக்குப் பின்னால் இருக்கிற திரையில் இருக்கும். தோற்ற நாளில் நன்றாகச் சாப்பிடுவார். ஜெயித்துக்கொண்டிருக்கும் நாளில்தான் சோறு இறங்காது. அந்தக் கண்தான் கடைசியில் கழன்று போனது. திரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். மனசு டாக்டர் சொல்வதைக் கேட்டால் பிறகென்ன?

சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு திரும்பி, செருப்பைக் கழற்றி, "அப்பாடா" என்று சொல்லும் மனுஷன் எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

காலை முழுவதும் கம்பிக்காரன் 631-க்கும் 636-க்கும் நடுவே சோம்பிக் கிடந்தான். நான் ஏழாம் வகுப்புப் புவியியல் புத்தகத்தில் பருவக்காற்றைத் திருத்திக்கொண்டே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை விலையை உரக்கச் சொன்னேன். உள்ளறையிலிருந்து "ம்" என்று வரும்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஏற ஆரம்பித்தது. 637. 638. ஒன்றேகாலுக்கு 640-ஐத் தொட்டது.

தம்பி தன் போனை எடுத்துத் தன் கணக்கில் ஏதோ தட்டினான்.

"வாங்கிட்டேன்."

"தொட்டதுமேவா?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எப்படியும் தாண்டப் போகுது அத்தான். கதவு திறக்கிற வரைக்கும் வாசல்லயே காத்துக் கிடக்கணுமா?"

"நீ வாங்கிட்டியான்னு பார்த்துட்டுத்தான் மாப்ளே அவன் இறக்குறான். போ, போய் வண்டியை ஓட்டு."

அவனுக்கு ஒன்றரைக்கு ஒரு வகுப்பு இருந்தது. மூன்று மாதமாக ரிவர்ஸ் கியருக்குப் பயப்படும் ஒரு வங்கி அதிகாரியம்மா. முணுமுணுத்துக்கொண்டே போனான்.

அவன் போய் இரண்டு நிமிடத்தில் விலை 640.60 ஆனது. பிறகு 641.

"தாண்டிடுச்சு" என்றேன்.

தோள்பட்டை இரண்டும் ஏறின. இந்தத் தடவை கோபம் இல்லை.

"இனிமே நம்பர் சொல்லாத. நம்பரைக் கேட்டா எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது, தலை தானா தூக்கிடும் போல இருக்கு. மணி பார்த்துக்கோ. அரை மணி கழிச்சு ஒரே வார்த்தைல சொல்லு. போதும்."

சரி என்று வந்து உட்கார்ந்தேன்.

அந்த அரை மணியை இப்போதும் நிமிடம் நிமிடமாகச் சொல்ல முடியும். அவர் காலமாகி நான்கு வருடமாகிறது. என்னென்னவோ மறந்துவிட்டது, அந்த எண்கள் மறக்கவில்லை. 641.40. 642. 642.75. 643.20. பருவக்காற்று அப்படியே கிடந்தது. ஒவ்வொரு எண்ணும் மாறும்போது எனக்குள் ஏதோ ஒன்று கீழே இறங்கிக்கொண்டே போனது. இவர் போக மாட்டார். இந்த நாற்காலியும் இந்தத் திரையும் இப்படியே இருக்கும்.

கடைசிப் பத்து நிமிடத்தில் அது தளர ஆரம்பித்தது. 642. 641. 640.20. அப்புறம் 639.50. கோட்டுக்குக் கீழே அரைப் புள்ளி. அங்கே வந்ததும் எண் அசையவில்லை. நான்கைந்து நிமிடம் 639.50 என்றே காட்டிக்கொண்டிருந்தது.

ஓட்டம் முடிந்தது என்று நினைத்தேன். எழுந்து உள்ளறை வாசலுக்குப் போனேன்.

"நின்னுடுச்சுங்க" என்றேன்.

தோள்பட்டை இரண்டும் இறங்கின.

"வாங்கு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஏறினது அப்படியே அடங்கிவிட்டது என்று சொல்கிறேன், வாங்கு என்கிறார். ஏன் என்று கேட்டிருக்கலாம். ஏன் என்று கேட்டால் ஒரு மணி நேரத்துக்குப் பதில் வரும். அதைக் கேட்க அன்று எனக்குத் தெம்பில்லை என்று வெகு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் பின்னால் சொல்கிறேன்.

போய்ப் பொத்தானை அழுத்தினேன். 639.50-க்கு வாங்கியாகிவிட்டது என்று திரையில் வந்தது.

"ஆச்சு" என்றேன்.

முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். குலுக்கம் நிற்காமல் கொஞ்ச நேரம் போனது. தலையணை இடைவெளிக்குக் கீழே தரையில் ஒரு சொட்டு விழுந்ததைப் பார்த்தேன். கட்டு போட்ட கண்ணிலிருந்து வந்திருக்க முடியாது. அந்தப் பேருக்கு இருந்த கண்.

"மேலாளருக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடு."

"சாப்பாட்டு நேரம். அப்புறம் சொல்றேன்."

"சரி, சரி. ஞாபகமாச் சொல்லிடு." குரல் இளகிப் போயிருந்தது. "பதினோரு மாசம் பார்த்தேன். பார்க்க வேண்டிய அன்னைக்குக் கண்ணு இல்ல. பரவால்ல, நீ இருந்த."

சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனார். அந்த ஆறு நாளில் அவர் நிஜமாகத் தூங்கியது அப்போதுதான்.

இரண்டரைக்குத் தம்பி வந்தான். திரையைப் பார்த்தான். குனிந்து பார்த்தான்.

"அக்கா, என்ன இது? முப்பத்தொன்பது அம்பதுல வாங்கியிருக்க?"

"அவர்தான் வாங்கச் சொன்னார்."

"கோட்டுக்குக் கீழயா? அத்தானா? தலைகீழா நின்னாலும் அவர் வாங்க மாட்டாரே. நீ அவர்கிட்ட என்ன சொன்ன? சொன்னதை அப்படியே சொல்லு."

"நின்னுடுச்சுன்னு சொன்னேன்."

அவன் என்னைப் பார்த்தான். பயிற்சி வண்டியில் உட்கார்ந்து, பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தவர்களைப் பார்க்கும் பார்வை அது.

"நின்னுடுச்சுன்னா? நடுரோட்ல வண்டி நின்னுடுச்சுங்கிற மாதிரியா, இல்ல கீழ விழாம நிக்குதுங்கிற மாதிரியா?"

நான் உள்ளறை வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

தாண்டி நிக்கணும். நின்னா வாங்கு. அவர் பேச்சில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். கோட்டுக்கு மேலே கால் ஊன்றி நிற்பது. நான் வாசலில் நின்று என்னுடைய அர்த்தத்தைச் சொன்னேன், அவர் குப்புறப் படுத்துக்கொண்டு அவருடைய அர்த்தத்தைக் கேட்டார். ஆயிரம் தடவை கண்ணில் பட்ட சொல்லில்தான் பிழை தப்பும் என்பது என் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பருவக்காற்றில் ஒற்றெழுத்து விடாத நான் இதை விட்டேன்.

"எழுப்பிச் சொல்லணும்" என்றேன்.

"என்னன்னு சொல்வ? ஆறு நாளா தூங்காத மனுஷன். சிரிச்ச மாதிரித் தூங்குறார் பாரு."

"முகம் தெரியாம எப்படிச் சொல்ற?"

"முதுகைப் பார்த்தா தெரியல?"

அவன் சொன்னது சரிதான். முதுகு அவ்வளவு தளர்ந்து நான் பார்த்ததில்லை.

விலை 638 ஆனது. 636.50. தம்பிக்கு வியர்த்தது. அவன் 640-இல் வாங்கியிருந்தான். 635-க்கு வந்ததும் போனைத் தட்டி விற்றுவிட்டான்.

"நீயும் வித்துடு அக்கா. சின்ன அடிதான். வித்துட்டு, நெட் வரல, வாங்கவே இல்லைன்னு சொல்லிடு. அவருக்குத் தெரியப் போறதில்ல. பார்க்கவா போறார்?"

அந்த யோசனையில் இருந்த வசதி எனக்கு உடனே புரிந்தது. வாங்கவில்லை, நிற்கவில்லை, ஆகவே அவர் அலுவலகத்துக்குப் போவார். நான் விரும்பியதெல்லாம் ஒரு பொத்தானில் இருந்தது. கை மவுஸ் மேல்தான் இருந்தது.

"அவர் வாங்கச் சொன்னார். விக்கச் சொல்லல" என்றேன்.

"சொல்ற நிலைமைல இருந்தா சொல்லியிருப்பார்."

"அப்போ எழுந்து சொல்லட்டும்."

634.40 வரை வந்தது. தடுப்புக்கு இன்னும் அரைப் புள்ளிகூட இல்லை. பிறகு 635. 636. மூன்று மணிக்கு யாரோ மதகைத் திறந்துவிட்ட மாதிரி பங்குகள் கைமாற ஆரம்பித்தன. 640-ஐ எப்போது கடந்தது என்று நான் பார்க்கவே இல்லை. மூன்றேகாலுக்கு 644. பிறகு கீழே வரவே இல்லை. மூன்றரைக்குச் சந்தை மூடும்போது 647.

தம்பி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் ஒரு கால் மணி பொறுத்திருந்தா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லாத அக்கா. நான் வித்தது அத்தானுக்குத் தெரிஞ்சா ஒரு வருஷத்துக்குச் சிரிப்பார்" என்றான்.

அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உள்ளே போனேன். அவர் விழித்திருந்தார்.

"எவ்வளவுல மூடுச்சு?"

"அறுநூத்து நாப்பத்தேழு."

"ம்" என்றார். சந்தோஷமான ம். "நமக்கு எவ்வளவுல விழுந்துச்சு? நாப்பத்தொண்ணா, நாப்பத்திரெண்டா?"

இதை அவர் முதுகிடம் சொல்ல எனக்கு முடியவில்லை. தரையில் உட்கார்ந்தேன். பிறகு மல்லாந்து படுத்து, கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்து, தலையணை இடைவெளிக்கு நேர் கீழே போனேன். ஆறு நாளுக்குப் பிறகு அவர் முகம். வலது கண்ணில் கட்டு. கன்னத்தில் நரைத்த தாடி. நெற்றியில் தலையணை உறையின் தையல் பதிந்து ஒரு கோடு.

"எங்க இருக்க? குரல் கீழேர்ந்து வருது."

"கீழதான் இருக்கேன். முப்பத்தொன்பது அம்பதுல விழுந்துச்சுங்க."

அந்த முகம் கணக்குப் போடுவதைப் பார்த்தேன்.

"கோட்டுக்குக் கீழயா?"

"ஆமா."

"நின்னுடுச்சுன்னு சொன்னியே."

"ஏறினது நின்னுடுச்சுன்னு சொன்னேன்."

அவர் உதடு அசைந்தது, ஓசை வரவில்லை. அந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு மூக்கு வழியாக ஒரு காற்று விட்டார், அது என் நெற்றியில் பட்டது.

"அப்போ இது நான் பண்ணின வியாபாரம் இல்ல" என்றார். "நம்ம பாஷை பண்ணினது."

"லாபம்தானே வந்திருக்கு?"

"வந்திருக்கு. ஆனா அதை வச்சு நான் எப்படி வேலைக்குப் போகாம இருப்பேன்? என் வழி சரின்னு இன்னைக்கு எதுவும் சொல்லலையே. தப்பா வாங்கி, சரியாப் போயிடுச்சு. இதைவிட மோசமான பாடம் கிடையாது. இன்னொரு தடவையும் இப்படி வாங்கத் தோணும்."

மேலே பேசாமல் விட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவ்வளவு பக்கத்தில் அந்த முகம் இருந்ததால்தான் சொன்னேன்.

"நீங்க வாங்குன்னு சொன்னப்போ ஏதோ தப்புன்னு எனக்குத் தெரிஞ்சுது. கேட்டிருக்கலாம். கேக்கல."

"ஏன்?"

"தோக்கட்டும்னு நினைச்சேன். நீங்க ஆபீசுக்குப் போகணும்னு நினைச்சேன்."

இதுதான் அந்த மீதிப் பாதி. சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டேன். அவருக்கு என் முகம் தெரியாது என்பது மறந்துபோய்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நான் போகணும்னு நீ நினைக்கிறது. நீ விலையைச் சொல்ற குரல்லயே தெரியுமே. முப்பத்தொண்ணுன்னு சொல்லும்போது நல்லா இருக்கும், முப்பத்தாறுன்னா உள்ளே போயிடும். காலையிலேர்ந்து கேட்டுட்டுத்தானே இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அதனாலதான் நின்னுடுச்சுன்னு நீ சொன்னதும் உடனே நம்பினேன். நிக்க வேணாம்னு நினைக்கிறவ வந்து நிக்குதுன்னு சொன்னா, அது பொய்யா இருக்குமா?"

கட்டிலுக்கு அடியில் கிடந்தபடியே சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு ஐம்பது.

"போனை எடு" என்றார். "ஆனா நான் பேசல. நீ பேசு."

"என்னன்னு?"

"எனக்கென்ன தெரியும்? காலையில தப்பான ஆள்கிட்ட கேட்டேன். உன்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு கம்பிக் கம்பெனிகிட்ட போய்க் கேட்டேன்."

நான் வெளியே ஊர்ந்து வந்து எழுந்தேன். முடியெல்லாம் தூசி. முன்னறைக்குப் போய் எண்ணைப் போட்டேன். மேலாளரே எடுத்தார்.

"சொல்லுங்கம்மா. வர்றாரா?"

வர்றார். ஒரே சொல். ஒரு வாரமாக நாக்கு நுனியில் வைத்திருந்தேன். என் கணவர் அந்தப் பக்கம் தரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, எது சொன்னாலும் சரி என்று காத்திருந்தார். அதுதான் தடையாக இருந்தது. காலையில் அவர் முரண்டு பிடித்தபோது இந்தச் சொல்லைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஐயா, அவருக்கு இன்னும் நாலு நாள் தலை நிமிரக்கூடாது" என்றேன். "நிமிர்ந்து, கண்ணு தெரிஞ்சு, அவரே யோசிச்சு வந்து சொல்வார். இன்னைக்கு அவர் சொன்னாலும் நான் சொன்னாலும் அது சரியா இருக்காது. அஞ்சு மணிக்குள்ள வேணும்னா, நாற்காலியை அவங்களுக்கே கொடுத்துடுங்க. எங்களுக்கு வருத்தம் இல்ல."

வருத்தம் இருந்தது. நிறைய இருந்தது.

வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"யாருக்கும்மா கொடுக்க?" என்றார் மேலாளர். "வேற ஆளே கிடையாது. கெடு வச்சா வந்துடுவார்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பீங்களா? நான் வர்றேன். அவர் எனக்கு எதுக்கு வேணும்னு போன்ல சொல்ல முடியாது."

நான் போய் அறை வாசலில் நின்றேன்.

"என்னவாம்?"

"நாற்காலி காலியாத்தான் இருக்காம். அந்த வேற ஆள் கதை சும்மா சொன்னதாம்."

முதுகு ஒரு தடவை குலுங்கியது. பிறகு அடங்கியது.

"அப்போ எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"ஞாயித்துக்கிழமை வந்து சொல்றாராம்."

அவர் யோசித்தார்.

"மூணு நாள் இருக்கு" என்றார். "அவர் என்ன சொன்னாலும், இந்தத் தடவை நீதான் முதல்ல பேசணும். நான் அப்புறம் பேசுறேன்."

சரி என்றேன். அவர் கையை நீட்டித் துழாவினார், டம்ளருக்கு என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். அவர் தேடியது டம்ளர் இல்லை, என் கை. பிடித்துக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை என்ன பேசப் போகிறேன் என்று எனக்கே அப்போது தெரியாது.